குட்டி போடும் நாயைக் கவனிப்பது எப்படி?



கறவை மாடு, வெள்ளாடு, கோழிக் கழிச்சல் என்று இந்த நேரத்தில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருப்பீர்கள். இன்று நாயைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். “நாய்க்குப் போய் ஒரு பேச்சா?” என்று யாரும் சிரிக்க வேண்டாம். நிரவி, விழிதியூர், திருமலைராயன்பட்டினம் பக்கம் தை மாதம் களத்தில் நெல் கிடக்கும்போது ராக்காவல் யார்? ஆட்டுப் பட்டிக்கும் வாத்துக் கூட்டத்துக்கும் நரி வராமல் பார்ப்பது யார்? பம்புசெட்டு மோட்டாருக்குக் காவல் யார்? கூலி கேட்காமல், மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டு இத்தனையும் செய்கிற ஜீவன், குட்டி போடுகிற நேரத்தில் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. “அது எங்கேயாவது வைக்கோல் போரில் போட்டுக்கும்” என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது போட்டுக்கொள்ளும், அது உண்மைதான். ஆனால் முடியாமல் போகிற ஒன்றிரண்டு முறை, தாயும் போகும், வயிற்றில் இருப்பதும் போகும். அந்த ஒன்றிரண்டை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதுதான் இன்றையப் பேச்சு.

முதலில் நாள் கணக்கு. மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல், ஆட்டுக்கு ஐந்து மாதம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். நாய்க்குச் சராசரி 63 நாள். ஆண் நாயோடு சேர்ந்த நாளிலிருந்து 58 நாளிலும் போடலாம், 68 நாளிலும் போடலாம், இரண்டும் சரிதான். நம் ஊர் நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிப் பருவத்துக்கு வருகின்றன. புரட்டாசி முதல் தேதி சேர்ந்த நாய் கார்த்திகை முதல் வாரத்தில் குட்டி போடும். கார்த்திகை என்றால் நம் கடலோரத்தில் என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரியும். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், வாய்க்கால் வழியும், சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது, இதே பருவத்தில்தான். ஆகையால் சேர்ந்த தேதியைச் சுவரில் தொங்குகிற காலண்டரில் ஒரு சுழி போட்டு வையுங்கள். செலவில்லாத வேலை. அந்த ஒரு சுழி பின்னால் எவ்வளவு உதவும் என்று பாருங்கள்.

சினையா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 25 நாளிலிருந்து 30 நாளுக்குள் கால்நடை மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். நீங்களாக அமுக்கிப் பார்க்கக் கூடாது. வயிறு பெருத்து, மடியில் பால் இறங்கி, கந்தல் துணியை இழுத்துப் போட்டுக் கூடு கட்டி, கடைசியில் குட்டியே இல்லாமல் போகிற நாயும் உண்டு. அது பொய்ச் சினை. தானாகச் சரியாகிவிடும், பயமில்லை. பயப்பட வேண்டியது வேறு ஒன்று. கொஞ்சம் வயதான பெட்டை நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது, வயிறு பெருக்கிறது, பின்னால் சீழ் மாதிரி வடிகிறது என்றால், அது சினை இல்லை. கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது. “நாளாச்சு, இன்னும் குட்டி போடலையே” என்று காத்திருந்து காத்திருந்து நாயை இழந்தவர்கள் உண்டு. அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சினை நாய்க்குத் தீனி எப்படி? முதல் ஐந்து வாரம் வழக்கமான தீனியே போதும். வயிற்றில் குட்டி வளர்வதெல்லாம் கடைசி மூன்று, நான்கு வாரத்தில்தான். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, போடுகிற சமயத்தில் வழக்கத்தைவிடக் காற்பங்கிலிருந்து அரைப்பங்கு வரை கூடுதலாகக் கொடுங்கள். வயிறு முழுக்கக் குட்டி இருப்பதால் ஒரே வேளையில் தின்ன முடியாது. மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வெறும் சோறும் ரசமும் போதாது. கடற்கரை ஊரில் நமக்கு ஒரு வசதி உண்டு: மத்தி, நெத்திலி மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கி வேகவைத்து, பெரிய முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றில் பிசைந்து போடலாம். முட்டையும் நல்லது, வேகவைத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. “குட்டிக்கு எலும்பு வளரணும்” என்று சினைக் காலத்திலேயே சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் டானிக்கும் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன் நேர்மாறு. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுக்கிற வேலையை உடம்பு மறந்துவிடும். பிறகு பால் சுரக்கும்போது திடீரென்று தேவை ஏறும். உடம்பால் ஈடு கொடுக்க முடியாது. கறவை மாட்டுக்குக் கன்று போட்டதும் பால் காய்ச்சல் வருகிறதே, அதே கதைதான். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் சேர்க்கைக்கு முன்னாலேயே முடிந்திருப்பது உத்தமம். சினையானபின் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்தைச் சினை நாய் மேலேயும் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். உண்ணியைக் கையால் எடுத்துப் போடலாம், சீப்பால் வாரலாம். வயல் எலிக்கு விஷம் வைக்கிற காலத்தில் நாயைக் கட்டி வையுங்கள். செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். இன்னொன்று: பசு கன்று வீசிவிட்டால் அந்தக் கருவையும் இளங்கொடியையும் நாய் இழுத்துக்கொண்டு போகவிடக் கூடாது. கருச்சிதைவு நோய் அதன் வழியாக நாய்க்கும் வரும், தெருத்தெருவாகப் பரவும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நல்லபடியாகப் போட்ட கன்றின் இளங்கொடியை ஓலைப் பாயில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிற நம் வழக்கத்தில்கூட, நாய்க்கு எட்டாமல் வைப்பது என்ற ஒரு புத்தி இருக்கத்தான் செய்கிறது.

போடுவதற்குப் பத்து நாள் முன்னால் இடம் தயார் செய்ய வேண்டும். வைக்கோல் போரின் அடி கதகதப்பாக இருக்கும் என்று நாய் அங்கேதான் போகும். ஆனால் எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும். எறும்பு மொய்த்தால் கண் திறக்காத குட்டியால் நகரவும் முடியாது. திண்ணை ஓரமோ, மாட்டுக் கொட்டகையில் மேடான மூலையோ பாருங்கள். தரையை விட்டு ஒரு சாண் உயரம் வேண்டும், சாரல் படக் கூடாது, ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். பழைய சாக்கு விரித்து, மேலே துவைத்த பருத்தித் துணி. புது இடத்துக்குக் கடைசி நாளில் கொண்டுபோனால் நாய் ஒத்துக்கொள்ளாது. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விடும். அதனால்தான் பத்து நாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக் கடையில் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் வாயில் வைக்கிறதோடு கலந்துவிடக் கூடாது. காலண்டரில் போட்ட சுழியிலிருந்து 55 நாள் ஆனதும், காலையும் மாலையும், நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெதுவாக நுழைத்துச் சூடு பாருங்கள். நமக்கு 98.6 டிகிரி என்பது மனுஷக் கணக்கு. நாய்க்கு 101, 102 டிகிரி சாதாரணம். அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பதறாதீர்கள். ஒருநாள் பார்த்தால் சூடு 99 டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கும். அப்படி இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி போட்டுவிடும். இந்த ஒரு நாள் முன்னறிவிப்பு நமக்கு மிகப் பெரிய காரியம். ஏனென்றால் சிக்கல் வருகிறதெல்லாம் ராத்திரியில்தான் என்பது போல் இருக்கும். அறுவை சிகிச்சை செய்து குட்டியை எடுக்க வேண்டிய நிலை வந்தால், பெரிய கால்நடை மருத்துவமனை நமக்கு ஒரு பக்கம் புதுச்சேரி குரும்பாபேட்டையில் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஒரத்தநாட்டில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து இரண்டுமே தொலைவுதான். ஆகையால் சூடு இறங்கிய அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி யாருடையது கிடைக்கும் என்பதையும் பகலிலேயே கேட்டு வையுங்கள்.

சூடு இறங்கி ஒரு நாள் முழுக்க ஆகியும் வலி எடுக்கவில்லை என்றால், அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டிய சங்கதி.

வலி எடுக்கும் முன் நாய் தின்னாது, நிலைகொள்ளாது, தரையைப் பிறாண்டும், இரைக்கும். இது ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை போகும். தலைச்சன் ஈற்றுக்கு இன்னும் கூட ஆகலாம். தண்ணீர் வையுங்கள், தூரத்தில் உட்காருங்கள். ஊரைக் கூட்டாதீர்கள். பிறகு முக்க ஆரம்பிக்கும். நன்றாக முக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு குட்டியும் வராவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் அரை மணி, ஒரு மணி ஆவது சகஜம்; சில சமயம் தாய் படுத்து ஓய்வெடுத்துக்கொள்ளும். உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

நிறத்தையும் கவனியுங்கள். குட்டி வரத் தொடங்கியபின் கரும்பச்சையாக வடிவது நாய்க்கு இயற்கை; மாட்டில் பார்க்காத நிறம் என்பதால் மிரள வேண்டாம். ஆனால் முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சையாக வடிந்தால், உள்ளே இளங்கொடி பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சுக் குறைகிறது என்று அர்த்தம். அப்போது அரை மணி நேரம்கூடத் தாமதம் ஆகாது. இது நினைவில் இருக்கட்டும்: குட்டிக்குப் பின் பச்சை, சரி, குட்டிக்கு முன் பச்சை, ஓடு.

மாடு வளர்க்கிறவர்கள் இன்னொன்றில் ஏமாறுவார்கள். கன்று பின்னங்கால் முதலில் வந்தால் நமக்குத் திக்கென்று இருக்கும். நாய்க் குட்டியில் பத்துக்கு நாலு, பின்பக்கமாகவே வரும், தவறில்லை. பாதி வந்து நின்றால் மட்டும் சுத்தமான துணியால் வழுக்காமல் பிடித்து, தாய் முக்கும்போது அதோடு சேர்ந்து கீழ்நோக்கி மெதுவாக இழுக்கலாம். காலை மட்டும் பிடித்து இழுத்தால் கால் கையோடு வந்துவிடும். உள்ளே கையை விடுகிற வேலை வேண்டாம்.

வலி போதவில்லை என்று ஊசி போடச் சொல்கிறவர்கள் உண்டு. மாட்டுக்குப் பால் இறங்கத் திருட்டுத்தனமாகச் சிலர் போடுகிறார்களே, ஆக்சிடோசின், அந்த மருந்து. மாட்டுக்கே போடக் கூடாது, சட்ட விரோதம். வழி அடைத்துக்கொண்டு குட்டி நிற்கும்போது அதை நாய்க்குப் போட்டால் கருப்பை கிழிந்துபோகும். மருத்துவர் சோதித்துப் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அளவு பார்த்துப் போடுவது வேறு. கடையில் வாங்கி நாமே குத்துவது வேறு.

குட்டி பிறந்ததும் தாய் உறையைக் கிழித்து நக்கும். அது செய்யாவிட்டால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்கள் உறையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் முதுகைப் பரபரவென்று தேயுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுகிற பழைய வழக்கம் வேண்டாம், மூளைக்கு அடி. கொப்பூழ்க்கொடி அறுபடாவிட்டால் வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கொதிக்கவைத்த நூலால் கட்டி நறுக்கி, அயோடின் தொட்டு வையுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நச்சுக்கொடி விழ வேண்டும், எண்ணிக்கொள்ளுங்கள். தாய் ஒன்றிரண்டைத் தின்றால் பாதகமில்லை. எல்லாவற்றையும் தின்றால் பேதியாகும். சில மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்தாக வேண்டும். கன்றுக்குச் சொல்கிற அதே விதிதான்.

போட்ட பிறகு தாயைக் கவனிப்பதில்தான் நாம் ரொம்பவும் அசட்டையாக இருக்கிறோம். “எல்லாம் போட்டாச்சு” என்று போய்விடுகிறோம். ஒன்றிரண்டு நாளைக்கு 103 டிகிரி வரை இருப்பது பெரிதில்லை. அதற்கு மேலே போய், தாய் சுருண்டு படுத்து, குட்டியைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் கோளாறு. பின்னால் வடிவது பழுப்புச் சிவப்பாகக் குறைந்துகொண்டே மூன்று வாரம் வரை இருக்கும். நாற்றம் அடித்தாலோ சீழாக இருந்தாலோ கருப்பையில் புண். மடியைத் தினம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் கல் போல், சூடாக, சிவந்து இருந்தால் மடிநோய். மாட்டு மடிநோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கைக்கு நாய் மடி ஒரு பிரமாதமில்லை.

முன்னே சொன்ன சுண்ணாம்புச் சங்கதி இங்கேதான் வருகிறது. குட்டி போட்ட முதல் மூன்று, நான்கு வாரத்தில், பால் நன்றாகச் சுரக்கும்போது, அதுவும் சிறு உடம்பும் நிறையக் குட்டியும் உள்ள தாய்க்கு, திடீரென்று இரைக்கும், பதற்றப்படும், நடை விறைக்கும், மரக்குதிரை மாதிரி நடக்கும், உடம்பு நடுங்கும். பிறகு விழுந்து இழுக்கும். சூடு 105, 106 என்று ஏறும். நம் ஊரில் பேய் பிடித்தது, வெறி பிடித்தது என்று சொல்லி, கட்டையை எடுக்கிறார்கள். இது பால் ஜன்னி. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது. மருத்துவர் ரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றினால், கண்ணெதிரே நாய் எழுந்து உட்காரும். தாமதித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மாட்டுக்கு ஏற்றுகிற கால்சியம் பாட்டில் வீட்டில் இருக்கிறது என்று நாமே ஏற்றக் கூடாது. வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். வாய் வழியாகவும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு, தாய் உடம்பில் ஈரத்துணி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான். ஒரு விஷயம்: வெறிநோய்க்கும் இதற்கும் வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் இழுக்கிற நாயின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாமல், சாக்கில் சுற்றித் தூக்குங்கள்.

பால் கொடுக்கிற காலத்தில் தீனி இரண்டு பங்கு, மூன்று பங்குகூட வேண்டியிருக்கும். மூன்றாம் வாரம் உச்சம். அப்போது தாய் எலும்பும் தோலுமாக நின்றால் அதற்குக் காரணம் நாம்தான், குட்டி இல்லை.

குட்டிகளுக்கு வருவோம். மளிகைக் கடைத் தராசோ, சமையற்கட்டுத் தராசோ போதும். தினம் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். பிறகு தினமும் ஏற வேண்டும். ஏழு முதல் பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். இரண்டு நாள் ஏறாத குட்டி ஓயாமல் கத்தும், அல்லது ஓரமாகக் குளிர்ந்து கிடக்கும். முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. விழிதியூர் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, சில்லிட்டுப் போன குட்டிக்கு வாயில பாலை ஊத்தினா உடனே செத்துப் போவுதே, ஏன்?” சரியான கேள்வி. குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் செரிக்காது. முதலில் மடியில் அணைத்தோ, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோ மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பிறகுதான் பால்.

தாய் இறந்துவிட்டாலோ பால் இல்லாவிட்டாலோ பசும்பால் மட்டும் போதாது. நாய்ப் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கால் லிட்டர் காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு முட்டை மஞ்சள் கருவை அடித்துக் கலந்து, வெதுவெதுப்பாக, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை புகட்டலாம். சர்க்கரை வேண்டாம். இது அவசரத்துக்கு, பிறகு மருத்துவரைக் கேளுங்கள். குழந்தையை மடியில் போடுவதுபோல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். குப்புற வைத்துத் தலையைச் சற்றே தூக்கிப் புகட்ட வேண்டும். குடித்தபின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நக்குவதற்குப் பதில் அது.

கண் திறப்பது 10 முதல் 14 நாளில். காது அதற்குச் சற்றுப் பின்னால். ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்கள், மூன்று வாரம் கழித்து, குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். தூய வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு சில நேரம் உண்டு. 2005-ல் தபால்தலை ஏறிய பெருமையுள்ள இனம்தான், ஆனால் காது கேட்காத காவல் நாயை வாங்கிப்போய் என்ன செய்வது?

நாக்குப்பூச்சி மாதிரி நீண்ட உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருந்தே, பால் வழியாகவும், குட்டிக்கு வந்துவிடும். இரண்டு வாரம் ஆனதும் பூச்சி மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கொரு தடவை, தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து நம் பிள்ளைகள் வயிற்றுக்கும் போகும். கண்ணைக்கூடக் கெடுக்கும். குட்டியோடு விளையாடிய பிள்ளை கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

குட்டி கடித்தால்? “பால் பல்லுதானே, கீறல்தானே” என்று மஞ்சள் தடவி விட்டுவிடுகிறார்கள். வெறிநோய் குட்டி வழியாகவும் வரும். வந்தபின் காப்பாற்ற மருந்து இல்லை. குட்டியோ தாயோ, கடித்தாலும் கீறினாலும், குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டி போட்ட தாய் பக்கத்தில் வேற்றுப் பிள்ளைகளை விடாதீர்கள். சாதுவான நாயும் அப்போது கடிக்கும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் கஞ்சி பழக்குங்கள். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் ரத்தக் கழிச்சலுக்கு முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

கடைசியாக, பொட்டைக் குட்டிகள். கடுவனை ஆள் தேடி வந்து வாங்குவார்கள். பொட்டையைச் சாக்கில் கட்டி வாய்க்கால் கரையிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிட்டு வருவது நடக்கிறது. அதில் பிழைத்ததுதான் அடுத்த வருஷம் தெருவில் எட்டுக் குட்டியோடு நிற்கிறது. கண்ணைத் திறந்து சொல்கிறேன், அது பாவமும்தான், நமக்கே நஷ்டமும்தான். குட்டி வேண்டாம் என்றால் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்யலாம். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியபின், மாட்டாஸ்பத்திரியில் தேதி கேளுங்கள். செய்த நாயின் காவல் வேகம் குறைவதில்லை. கருப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்தும் அதோடு தீர்ந்தது. போகும்போது தடுப்பூசி அட்டையையும், சூடு குறித்து வைத்த காலண்டர் தாளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.